ஸ்னோபோர்ட் முதன்முதலாகப் பழகப் போகிறீர்களா? திருகோணமலையில் இருந்து வெளிக்கிடுகிறவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

வாடைக்காற்று எடுக்கத் தொடங்கியதும் நிலாவெளியில் படகுகளைக் கரையேற்றி விடுவார்கள். புறாமலைக்கு ஓட்டம் இல்லை, உப்புவெளி ஹோட்டல்களில் பாதி அறை காலி, கடலை நம்பி வேலை செய்கிறவர்களுக்குப் பங்குனி கழியும் வரை கையில் நேரம்தான் மிச்சம். சுவிசிலும் நோர்வேயிலும் கனடாவிலும் காஷ்மீரிலும் பனி கொட்டுவது சரியாக அந்த மாதங்களில்தான். அக்கா, சித்தப்பா, பெறாமகன் என்று யாராவது ஒருவர் அந்த நாடுகளில் இல்லாத வீடு நம்மூரில் குறைவு. கலியாணத்துக்கோ பிறந்த பிள்ளையைப் பார்க்கவோ குளிர்காலத்தில் போகிறவர்கள், போன இடத்தில் நாலு நாளை ஒதுக்கினால் ஸ்னோபோர்ட், அதாவது இரண்டு காலையும் ஒரே பலகையில் பூட்டிக்கொண்டு பனியில் சறுக்கும் விளையாட்டு, பழகிவிட்டு வரலாம்.

பனியைக் கண்ணால் காணாதவர், வெயிலில் வளர்ந்தவர், கடலில் நாலு கை போடத் தெரிந்தவர் ஒருவரை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். முதல் மூன்று நாளும் நிற்கப் பழகுங்கள். சறுக்குவதை மலை பார்த்துக்கொள்ளும். கீழே சொல்லப்போகும் எல்லாமே, எந்தப் பலகை எடுப்பது, எந்தக் காலில் பாரம் வைப்பது, எந்த மலைக்குப் போகாமல் விடுவது எல்லாமே, நினைத்த இடத்தில் நிற்பது என்ற இந்த ஒரு திறமைக்காகத்தான்.

எங்கே பழகுவது

பெயர் பெற்ற பெரிய மலையைத் தேடாதீர்கள். முதல் நாளில் உங்களுக்குத் தேவைப்படுவது ஐம்பது மீற்றர் நீளமான, லேசான சரிவு ஒன்றும், அதில் மேலே ஏற்றிவிடும் நகரும் கம்பளம் ஒன்றும்தான். அந்தக் கம்பளத்தை எல்லா நாட்டிலும் மேஜிக் கார்ப்பெட் என்றே சொல்கிறார்கள். அது இருக்கிற இடமா என்று முதலில் கேளுங்கள்.

ரொறன்ரோவில் உறவுகள் இருந்தால் ஏர்ல் பேல்ஸ் பூங்கா போதும். பாதர்ஸ்ட், ஷெப்பர்ட் வீதிகள் சந்திக்கும் இடத்துக்குப் பக்கத்தில், மாநகரசபையே நடத்துகிற சின்ன மலை. இரண்டு மணித்தியாலம் கார் ஓடி கொலிங்வூட்டில் இருக்கும் புளூ மவுண்டனுக்கு முதல் நாளே போவது காசைக் கரைக்கிற வேலை. அங்கே மூன்றாம் நாள் போங்கள், இரசிப்பீர்கள். சூரிச் பக்கம் இருப்பவர்களுக்கு ஃபிளம்செர்பேர்க் வசதி. ஒஸ்லோவில் மெட்ரோ 1ஆம் இலக்கப் பாதையில் வொக்சன்கோலன் நிலையத்தில் இறங்கினால் திரிவான் மலைச்சரிவு கிட்ட. லண்டனில் இருப்பவர்கள் ஹெமல் ஹெம்ப்ஸ்டெட்டில் உள்ள உள்ளரங்கப் பனிச்சரிவில் வருடம் முழுக்கப் பழகலாம். வெளியே மழை பெய்தாலும் உள்ளே உண்மையான பனிதான்.

டுபாய் வழியாகப் பறக்கிறவர்கள், அல்லது அங்கேயே வேலை செய்கிறவர்கள், ஸ்கீ டுபாய் என்ற உள்ளரங்கப் பனிச்சரிவை யோசிக்கலாம். 2005இல் திறந்தது, மோல் ஒஃப் த எமிரேட்சுக்குள் இருக்கிறது. 85 மீற்றர் உயரம், நீளமான பாதை 400 மீற்றர். ஜக்கெற், காற்சட்டை, பூட்ஸ், பலகை எல்லாம் அங்கேயே தருவார்கள். அலுப்பான இடம் என்று பனிநாட்டுக்காரர்கள் சொல்வார்கள். முதல் பாடத்துக்கு அந்த அலுப்புத்தான் வேண்டும். பாறை இல்லை, புயல் இல்லை, பனிமூட்டம் இல்லை.

உறவினர் யாரும் வெளியே இல்லை, செலவையும் பார்க்கவேண்டும் என்றால் காஷ்மீரின் குல்மார்க். கொழும்பில் இருந்து டெல்லி, அங்கிருந்து சிறிநகர், பிறகு ஏறத்தாழ ஐம்பது கிலோமீற்றர் தரைவழி. ஊரே 2,650 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. கடல் மட்டத்தில் இருந்து போகிற நமக்கு முதல் நாள் தலையிடி வந்தால் ஆச்சரியப்படக்கூடாது. அன்றைக்கு ஓய்வெடுத்துத் தண்ணீர் குடிப்பதுதான் வேலை. அங்குள்ள கொண்டோலாவின், அதாவது கம்பியில் தொங்கிப் போகும் பெட்டியின், இரண்டாம் கட்டம் 3,900 மீற்றருக்கு மேல் அபர்வத் மலைத் தோளுக்கு ஏறுகிறது. வேடிக்கை பார்க்கப் போகலாம், பலகையோடு போகவேண்டாம். அங்கே செப்பனிட்ட பாதை கிடையாது, மலையில் இருந்து பனி சரிந்து விழும் அபாயம் உண்டு. பழகுகிறவர்களுக்கான சமதரை ஊரின் நடுவில் இருக்கிறது. இன்னொன்று: வெளியில் வாங்கிய முற்கொடுப்பனவு சிம் ஜம்மு காஷ்மீரில் வேலை செய்யாது. வீட்டுக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள், இல்லையென்றால் அம்மா பொலிசுக்கே போய்விடுவார்.

காப்புறுதிக் கடதாசியை வாசியுங்கள்

ஷெங்கன் வீசாவுக்கு ஆகக் குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்புறுதி கேட்பார்கள். அதை எடுத்தவுடன் எல்லாம் முடிந்தது என்று நினைப்பவர்கள்தான் அதிகம். வீசாவுக்காக விற்கப்படும் மலிவான காப்புறுதிகளில் குளிர்கால விளையாட்டுகள் விலக்கப்பட்டிருப்பது சாதாரணம். விலக்குகள் என்ற பக்கத்தைத் தேடி வாசியுங்கள். தனியாகச் சேர்க்கவேண்டும் என்றால் கொஞ்சக் காசுதான் கூடும். மலையில் இருந்து ஹெலிகொப்டரில் இறக்கிவிட்டு அனுப்பும் பில்லோடு ஒப்பிட்டால் அது காசே இல்லை. குறியிட்ட பாதைக்கு வெளியே போய் விழுந்தால் பல காப்புறுதிகள் பணம் தராது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

ஊரிலேயே ஒரு மாதம்

ஸ்னோபோர்டில் அலுப்பது சறுக்குவதால் இல்லை, எழும்புவதால். முதல் நாள் முழுக்க விழுந்து விழுந்து எழும்புவீர்கள். அதனால் தண்டால்தான் முதல் பயிற்சி. அப்புறம் சுவரில் முதுகைச் சாய்த்து, கதிரையில் இருப்பதுபோல் கால் மடித்து ஒரு நிமிடம் நிற்பது. தொடை எரியும், எரியட்டும். மூன்றாவது, படியின் விளிம்பில் முன்பாதத்தை வைத்துக் குதிக்காலை ஏற்றி இறக்குவது. பலகையின் விரற்பக்க விளிம்பில், அதாவது கால்விரல் பக்க ஓரத்தில், நிற்கும்போது கெண்டைக்கால்தான் முழுப் பாரத்தையும் தாங்கும், அதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. கோணேசர் கோயிலுக்கு நடந்து ஏறுகிறவர்களுக்கு இது பாதி கைவந்ததுதான். கோட்டை வாசலில் இருந்து மேலே கொஞ்சம் வேகமாக ஏறிப் பாருங்கள்.

விழப் பழகுவதற்கு நம்மூரைப்போல் இடம் இல்லை. உப்புவெளியில் பின்னேர வேளையில் ஈரமணலுக்குப் போங்கள். முன்னால் விழும்போது முதலில் முழங்கால், பிறகு முன்னங்கை முழுதாகத் தரையில் படவேண்டும், விரல்களைப் பொத்திப் பிடிக்கவேண்டும். பின்னால் விழும்போது நாடியை நெஞ்சோடு சேர்த்து, கைகளை மார்பில் கட்டி, குந்தி உட்கார்ந்து முதுகை உருட்டவேண்டும். உள்ளங்கையை நீட்டித் தரையில் ஊன்றுவது மட்டும் கூடாது. புதிதாகப் பழகுகிறவர்களுக்கு ஸ்னோபோர்டில் முறிகிற எலும்பு பெரும்பாலும் மணிக்கட்டுத்தான். காரணம் அந்த நீட்டிய கை. யோசிக்காமலே விரல்கள் பொத்திக்கொள்ளும் அளவுக்கு விழுந்து பாருங்கள். பக்கத்தில் பந்து விளையாடும் பொடியன்கள் சிரிப்பார்கள், பரவாயில்லை.

எந்தக் கால் முன்னால் என்பதையும் ஊரிலேயே கண்டுபிடித்துக்கொண்டு போங்கள். இடதுகாலை முன்வைப்பவரை ரெகுலர் என்பார்கள், வலதுகாலை முன்வைப்பவரை கூஃபி. இரண்டில் எதுவும் குறைவில்லை. சொக்ஸ் போட்டுக்கொண்டு ஓடிவந்து வீட்டு டைல்ஸ் தரையில் வழுக்கிப் பாருங்கள். தன்னாலே எந்தக் கால் முன்னுக்குப் போகிறதோ அதுதான். அல்லது நீங்கள் பாராத நேரத்தில் தம்பியைப் பின்னால் இருந்து மெல்லத் தள்ளச் சொல்லுங்கள். எந்தக் காலை முதலில் வைத்துத் தடுக்கிறீர்கள் என்று அவனே சொல்லுவான்.

அறுகம்பேயில் சேர்ஃபிங் பழகியவர்களுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. இந்த விளையாட்டே கடலில் இருந்துதான் மலைக்குப் போனது. 1965இல் அமெரிக்காவின் மிச்சிகனில் சேர்மன் பொப்பன் என்பவர் தன் மகள்மாருக்காக இரண்டு ஸ்கீக்களை (காலுக்கொன்றாகப் பூட்டிச் சறுக்கும் நீளப் பலகைகளை) சேர்த்துக் கட்டி, அதன்மேல் நின்று சறுக்கவிட்டார். ஒலிம்பிக்கில் சேர்ந்தது 1998, நகானோவில். பக்கவாட்டில் நிற்பது, தோளைத் திருப்பினால் பலகை திரும்புவது எல்லாம் உங்களுக்குப் பழகியதுதான். ஆனால் அலையில் பின்காலை அழுத்திப் பழகிய உடம்பு, சரிவைக் கண்டதும் தானாகப் பின்னுக்குச் சாயும். பனியில் பாரம் முன்காலில் இருக்கவேண்டும். பின்னுக்குச் சாய்ந்தால் பலகையின் முனை இலேசாகி, திரும்பவே திரும்பாது, வேகம் மட்டும் ஏறும். ஆகவே சேர்ஃபிங் தெரிந்தவர் முதல் மணித்தியாலத்தில் எல்லோரையும் முந்துவார். திருப்பம் பழகும் நேரத்தில் மற்றவர்களைவிடத் தடுமாறுவார்.

உடுப்பு

பருத்தி வேண்டாம். ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம். பருத்தி வியர்வையையும் பனிநீரையும் குடித்துக்கொண்டு உடம்போடு ஒட்டி உறையும். உள்ளே மெல்லிய பொலியெஸ்டரோ மெரினோ கம்பளியோ, அதன்மேல் ஒரு ஃபிளீஸ், வெளியே தண்ணீர் புகாத ஜக்கெற்றும் காற்சட்டையும். மூன்று அடுக்கு, அவ்வளவுதான். நம்மவர்கள் குளிருக்குப் பயந்து ஐந்து ஸ்வெற்றர் போட்டுக்கொண்டு போய், பத்து நிமிடத்தில் வியர்த்து, பிறகு அந்த வியர்வையாலேயே நடுங்குவதைப் பார்த்திருக்கிறேன்.

சொக்ஸ் ஒன்றுதான் போடவேண்டும், மெல்லியதாக, முழங்கால் வரை நீளமாக. இரண்டு போட்டால் பூட்ஸுக்குள் மடிப்பு விழுந்து தோல் உரியும், இரத்த ஓட்டமும் குறையும். கிளவுஸ் தண்ணீர் புகாததாக இருக்கட்டும். பனியில் உட்கார்ந்து, பூட்ஸைப் பலகையோடு பிடிக்கும் பட்டியான பைண்டிங்கைப் பூட்டுவதால் சாதாரணக் கம்பளிக் கையுறை அரைமணிக்குள் நனைந்துவிடும். மணிக்கட்டுக் காப்பும் உள்ளே பஞ்சு வைத்த அரைக்காற்சட்டையும் வாங்குங்கள். வெட்கப்படாதீர்கள், வால் எலும்பு அடிபட்டவருக்குத்தான் விமானத்தில் பத்து மணித்தியாலம் உட்காருவது என்னவென்று தெரியும். காப்பு, மோதிரம் எல்லாவற்றையும் வீட்டில் கழற்றி வைத்துவிட்டுப் போங்கள். காப்பு போட்ட கையில் மணிக்கட்டுக் காப்பு சரியாக இருக்காது.

கறுத்த தோலுக்கு வெயில் கிரீம் தேவையில்லை என்ற கதையை மலையில் நம்பாதீர்கள். புதுப் பனி புற ஊதாக் கதிரில் 80 வீதம் வரை திருப்பி அடிக்கும். மூக்கின் அடிப்பக்கமும் நாடியும் எரிவது அதனால்தான். கண்ணாடியும் கட்டாயம்.

இதையெல்லாம் புதிதாக வாங்கவேண்டியதில்லை. ஜக்கெற்றும் காற்சட்டையும் அங்குள்ள மச்சான்மாரின் அலமாரியில் கட்டாயம் இருக்கும். கண்ணாடி, கிளவுஸ், மணிக்கட்டுக் காப்பு மூன்றும் மட்டும் சொந்தமாக இருக்கட்டும்.

வாடகைக் கடையில்

இங்கேதான் அவசரப்படக்கூடாது. சனிக்கிழமை காலை கடை முழுக்கச் சனம், கடைக்காரப் பொடியன் உங்கள் சப்பாத்து அளவைக் கேட்டுவிட்டு ஒரு பூட்ஸைத் தூக்கிப் போடுவான். போட்டுப் பார்த்துவிட்டு ஓம் என்று சொல்லிவிட்டு வந்தால் அன்றைய நாள் போச்சு. முடிந்தால் முதல் நாள் மாலையே போங்கள்.

பூட்ஸ்தான் முக்கியம், பலகை இரண்டாவது. குதிக்காலைப் பின்சுவரில் இரண்டு தரம் தட்டி உட்காரவைத்து, உள்கயிறு, வெளிக்கயிறு இரண்டையும் இறுக்குங்கள். நேராக நிற்கும்போது பெருவிரல் முன்சுவரை லேசாகத் தொடவேண்டும். முழங்காலை முன்னால் மடித்ததும் விரல் கொஞ்சம் பின்வாங்கவேண்டும். இப்போது முன்பாதத்தில் எழும்பி நில்லுங்கள்: குதிக்கால் உள்ளே கிளம்பினால் பூட்ஸ் பெரிது, வேறொன்று கேளுங்கள். செருப்போடு வளர்ந்த கால் நம்முடையது, முன்பக்கம் அகலம். அதனால் இறுக்கம் பிடிக்காமல் ஓர் அளவு பெரிதாகக் கேட்கத் தோன்றும். அந்த ஆசைக்கு இடம் கொடுத்தால், கால் திரும்பும் ஆனால் பலகை திரும்பாது.

பலகை நிமிர்த்திப் பிடித்தால் நாடிக்கும் மூக்குக்கும் இடையில் வரட்டும். புதிதாகப் பழகுகிறவர் நாடிப் பக்கமாகவே எடுக்கலாம். உங்கள் நிறையைக் கடைக்காரரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், பலகையின் வளைவு உயரத்தைவிட நிறையைத்தான் கேட்கும். கால் அளவு ஐரோப்பியக் கணக்கில் 45ஐத் தாண்டினால் அகலப் பலகை கேளுங்கள், இல்லையென்றால் விரல்கள் வெளியே நீட்டிக்கொண்டு பனியில் உரசும். வளையும் தன்மை கூடிய மென்மையான பலகை என்று சொன்னால் அவர்களுக்கு விளங்கும். பைண்டிங்குகளின் இடைவெளி தோள் அகலம், கோணம் முன்கால் 15 பாகை வெளியே, பின்கால் அதற்கு எதிராக 6 இலிருந்து 15 பாகை. நீங்கள் ரெகுலரா கூஃபியா என்று சொன்னால் அவர்களே பூட்டித் தருவார்கள். கடையை விட்டு வெளியே வரமுன் ஒவ்வொரு பட்டியையும் நீங்களே ஒருதரம் பூட்டித் திறந்து பாருங்கள். மேலே போய்க் குளிரில் விறைத்த விரலோடு பழகுவது கஷ்டம்.

ஹெல்மெட் வாடகைக்குக் கிடைக்கும். எடுங்கள்.

மச்சானிடம் பழகாதீர்கள்

இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்லவேண்டியிருக்கிறது. வாத்தியாருக்குக் காசு ஏன், நானே சொல்லித்தருகிறேன் என்று ஒரு மச்சான் கட்டாயம் சொல்லுவார். அன்பானவர், கெட்டிக்காரரும்கூட. ஆனால் அவர் சின்ன வயதில் பழகியதால், எப்படிச் செய்கிறார் என்று அவருக்கே சொல்லத் தெரியாது. மலையேற்றும் லிப்டில் ஏற்றி மேலே கொண்டுபோய், முழங்காலை மடி மச்சான், மடி, மடி என்று கத்திக்கொண்டு அவர் கீழே போய்விடுவார். நீங்கள் பாதி மலையில் உட்கார்ந்திருப்பீர்கள்.

முதல் நாள் காலை இரண்டு மணித்தியாலக் குழுப் பாடம் ஒன்று எடுங்கள். பெரும்பாலான இடங்களில் லிப்ட், பாடம், வாடகை மூன்றையும் சேர்த்து ஆரம்பப் பொதியாக விற்பார்கள், தனித்தனியாக வாங்குவதைவிட மலிவு. ஆங்கிலத்தில் பாடம் வேண்டும் என்று முன்பதிவில் எழுதிவிடுங்கள். வாரநாளில் போனால் சில வேளை குழுவில் நீங்கள் மட்டுமே இருப்பீர்கள், குழுக் காசுக்குத் தனிப்பாடம் கிடைத்தமாதிரி. மச்சானை மத்தியானம் மட்டன் ரோல்ஸோடு வரச் சொல்லுங்கள். அதில் அவருக்கும் ஒரு பங்கு இருக்கட்டும்.

முதல் நாள்: சரிவில்

நிற்கும் விதம் உங்களுக்குப் புதிதல்ல. அலை அடிக்கும்போது பைபர் வள்ளத்தில் நின்றிருக்கிறீர்கள் அல்லவா, முழங்கால் தளர்ந்து, இடுப்பு கால்களுக்கு நேர்மேலே, கண் தூரத்தில், அதே நிலை. காலைப் பார்த்தால் தலை கவிழும், தலை போகும் பக்கம் உடம்பும் போகும்.

முதலில் முன்காலை மட்டும் பூட்டி, பின்காலால் தரையைத் தள்ளிச் சமதரையில் நகருங்கள். சின்னச் சின்ன அடியாகத் தள்ளவேண்டும். தள்ளும் கால் பலகையின் விரற்பக்கமாகவோ குதிப்பக்கமாகவோ இருக்கலாம், எது இலகுவோ அது. பிறகு மிகச் சின்னச் சரிவில், பின்காலை இரண்டு பைண்டிங்குக்கும் நடுவில் பலகைமேல் வைத்து நேராக வழுகி, தானாக நிற்கும் வரை விடுங்கள். இது சிறுபிள்ளைத்தனமாகத் தெரியும். லிப்டில் இருந்து இறங்கும்போது செய்யப்போவது இதேதான், அதனால் அலுக்கும் வரை செய்யுங்கள்.

அடுத்தது இரண்டு காலையும் பூட்டுவது. மலையைப் பார்க்க முதுகு, பள்ளத்தைப் பார்க்க முகம், பலகை சரிவுக்குக் குறுக்காக. உட்கார்ந்து பூட்டி, குதிக்காலைப் பனியில் ஊன்றி எழும்புங்கள். எழும்ப வரவில்லை என்றால் வயிற்றுப் பக்கம் புரண்டு முழங்காலில் இருந்து எழும்புவது இன்னும் இலகு.

நின்றதும் கால்விரல்களை மெதுவாக, ஒரு சொட்டு மட்டும், கீழே விடுங்கள். பலகை பக்கவாட்டிலேயே கீழே வழுகும். விரலை மேலே தூக்குங்கள், நிற்கும். விடுங்கள், வழுகும். தூக்குங்கள், நிற்கும். பனியைச் சீவிக்கொண்டு போகும் கரகர என்ற சத்தம் ஒரே சீராக வரும்போது உங்களுக்குத் தடை போடத் தெரிந்துவிட்டது. இதற்குச் சைட் ஸ்லிப் என்று பெயர். முதல் நாளில் இதற்கு ஒரு மணித்தியாலம் செலவழித்தவர் பிறகு எந்தச் சரிவில் மாட்டினாலும் இப்படியே சீவிக்கொண்டு கீழே வந்துவிடலாம்.

இங்கே ஒரு விதியை மனதில் பதித்துக்கொள்ளுங்கள்: பள்ளத்தைப் பார்த்திருக்கும் விளிம்பு பனியில் படக்கூடாது. பலகை பக்கவாட்டில் கீழே போய்க்கொண்டிருக்கிறது. அந்தக் கீழ்விளிம்பு கொஞ்சம் தாழ்ந்தாலும் பனியைக் கடித்துவிடும். பலகை அந்த இடத்திலேயே நிற்கும், உங்கள் உடம்பு நிற்காது. யோசிக்க நேரம் இருக்காது, தலையோ முகமோ அடிபடும். புதியவர்களை மிகவும் பயப்படுத்தும் விழுகை இதுதான், நடப்பதும் பெரும்பாலும் சமதரைபோல் தெரியும் லேசான இடத்தில். கவனம் தளர்ந்து, பலகையைத் தட்டையாக விடுவது அங்கேதான். எப்போதும் மலைப்பக்க விளிம்பிலேயே நில்லுங்கள்.

குதிப்பக்கத்தில் நின்று, பார்வையை இடப்பக்கம் திருப்பிப் பாரத்தையும் அந்தக் காலுக்கு மாற்றினால் பலகை குறுக்காக இடப்பக்கம் போகும். நிற்பாட்டி, வலப்பக்கம் பாருங்கள், அந்தப் பக்கம் போகும். மரத்தில் இருந்து விழும் இலைபோல் அங்கும் இங்கும் அசைந்து இறங்குவதால் இதையும் இலை விழுதல் என்றே பயிற்றுநர்கள் சொல்வார்கள். இதுவரை வந்தால் முதல் நாளுக்கு நிறைவாகச் செய்திருக்கிறீர்கள்.

விரற்பக்கம் வேறு கதை. இப்போது முகம் மலையைப் பார்க்கும், பள்ளம் முதுகுக்குப் பின்னால். கண்ணால் காணாத பக்கம் வழுகுவதற்கு மனம் ஒத்துக்கொள்ளாது. குனிந்து பனியைப் பார்க்கத் தோன்றும். வேண்டாம்: இடுப்பை மலைப்பக்கம் முன்னே தள்ளி, பூட்ஸின் நாக்கில் முழங்காலின் கீழ்ப்பக்கம் சாய்ந்து நில்லுங்கள். படியில் குதிக்காலை ஏற்றி இறக்கியதன் பலன் இப்போது தெரியும்.

லிப்ட்

நாற்காலி லிப்டில் ஏறுவது பெரிதல்ல, இறங்குவதுதான் எல்லோரையும் கவிழ்க்கும். பின்காலைக் கழற்றியிருக்கவேண்டும். மேலே வரும்போது பலகையின் முனையைத் தூக்கி நேரே முன்னே வையுங்கள். கதிரையில் கொஞ்சம் பக்கவாட்டாகத் திரும்பி உட்கார்ந்தால் இது இலகு. பலகை பனியைத் தொட்டதும் எழும்பி, பின்காலைப் பலகைமேல் வைத்து, தூரத்தைப் பார்த்துக்கொண்டு நேராக வழுகுங்கள். பக்கத்தில் இருப்பவரின் கையைப் பிடிக்காதீர்கள், இரண்டு பேரும் விழுவீர்கள். விழுந்தால் முதலில் அந்த இடத்தை விட்டு ஊர்ந்தாவது விலகுங்கள், பிறகு வெட்கப்படலாம். அடுத்த கதிரை வந்துகொண்டிருக்கும்.

சுவிசில் பல இடங்களில் கதிரைக்குப் பதிலாகக் கம்பியால் இழுக்கும் லிப்ட் உண்டு. அதன் கொழுவியை முன்காலின் தொடையில் கொழுவிக்கொண்டு நிற்கவேண்டும். உட்கார முயன்றால் விழுவீர்கள். ஸ்கீக்காரருக்கு இலகு, ஸ்னோபோர்டுக்காரருக்கு எரிச்சல். முதல் நாளில் அதை விட்டுவிட்டு மேஜிக் கார்ப்பெட்டோடு இருங்கள்.

இரண்டாம் மூன்றாம் நாள்: திருப்பம்

இரண்டு விளிம்பிலும் நிற்கத் தெரிந்தால் திருப்பம் என்பது ஒன்றை விட்டு மற்றதுக்கு மாறுவதுதான். குதிப்பக்கத்தில் குறுக்காகப் போய்க்கொண்டிருக்கிறீர்கள். பாரத்தை முன்காலுக்கு மாற்றுங்கள். முனை தானாகப் பள்ளத்தைப் பார்க்கத் தொடங்கும். இந்த ஒரு நொடிதான் பயம்: பலகை நேரே கீழ்நோக்கி நிற்கும், வேகம் ஏறும், பின்னுக்குச் சாயச் சொல்லி முழு உடம்பும் கெஞ்சும். சாயாதீர்கள். முன்கையாலும் தோளாலும் போகவேண்டிய பக்கத்தைக் காட்டி, அந்தப் பக்கம் பாருங்கள். முனை கீழ்நோக்கிய பின்னர்தான் விரற்பக்கத்துக்கு அழுத்தவேண்டும், முந்தினால் கீழ்விளிம்பு கடிக்கும். பலகை குறுக்கானதும் நின்றுவிடுங்கள். ஒவ்வொரு திருப்பத்தையும் முழுதாக நிற்பாட்டி முடியுங்கள். தொடராகச் செய்வதற்கு அவசரம் இல்லை.

பனியின் தன்மையும் நேரத்துக்கு நேரம் மாறும். காலை எட்டரைக்கு முதல்நாள் உருகி இரவு உறைந்த பனி கல்லாக இருக்கும், விளிம்பு பிடிக்காது, விழுந்தால் நோகும். பத்து மணிக்குப் பிறகு இளகும். பின்னேரம் சேறாகி, கால்களைக் களைக்க வைக்கும். பழகுகிறவருக்கு நல்ல நேரம் பத்தில் இருந்து இரண்டு வரை. இன்னும் ஒரேயொரு தரம் என்று நினைக்கும்போது நிறுத்திவிடுங்கள். களைத்த கால் விளிம்பைப் பிடிக்காது.

மலையின் சட்டங்கள்

பாதைகளின் நிறம் நாட்டுக்கு நாடு மாறும். கனடாவில் பச்சை வட்டம் இலகு, நீலச் சதுரம் நடுத்தரம், கறுப்பு வைரம் கடினம். சுவிசில் நீலம்தான் ஆக இலகு, பிறகு சிவப்பு, கறுப்பு. கனடாவில் பழகிவிட்டுச் சுவிஸ் போனவர் நீலத்தைக் கண்டு பயப்படத் தேவையில்லை. சிவப்பைக் கண்டு பயப்படலாம்.

உலகப் பனிச்சறுக்குச் சம்மேளனத்தின் பத்து விதிகள் ஐரோப்பாவில் பெரும்பாலும் எல்லா இடத்திலும் செல்லும். அவற்றில் முக்கியமானது, கீழே இருப்பவருக்கே முன்னுரிமை. பின்னால் வருகிறவர்தான் விலகவேண்டும். ஸ்னோபோர்டில் பக்கவாட்டாக நிற்பதால் முதுகுப்பக்கம் முழுக்க உங்களுக்குத் தெரியாது, திரும்பமுன் தோளுக்கு மேலால் ஒருதரம் பாருங்கள். பாதையின் நடுவிலும், மேலிருந்து வருகிறவருக்குத் தெரியாத மேட்டுக்குக் கீழேயும் உட்காராதீர்கள். நம்மவர்கள் குழுவாக நின்று செல்ஃபி எடுப்பது அந்த மேட்டடியில்தான். ஓரத்துக்கு வாருங்கள், படம் அங்கேயும் நன்றாகத்தான் வரும்.

அடிபட்டால்

தலை அடிபட்டு மயக்கம், வாந்தி, குழப்பம் என்று எதுவும் வந்தால் அன்றைக்குப் பலகையைத் தொடவேண்டாம், வைத்தியரிடம் போங்கள். மணிக்கட்டு வீங்கினால் எக்ஸ்ரே எடுங்கள், சுளுக்கு என்று எண்ணெய் போட்டு உருவிவிடாதீர்கள். பாதையில் ஒருவர் விழுந்து எழும்பாவிட்டால், மேலே வருகிறவர்களுக்குத் தெரிய ஒரு பலகையை அவருக்கு மேற்பக்கமாகப் பனியில் குத்தி வையுங்கள். அவசர எண் ஐரோப்பாவில் 112, கனடாவில் 911. சுவிசில் அம்புலன்ஸ் 144, மலை மீட்பு ஹெலிகொப்டர் 1414. லிப்ட் டிக்கெட்டின் பின்பக்கத்திலோ வரைபடத்திலோ அந்த மலையின் பனிக்காவலர் எண் இருக்கும், காலையிலேயே கைப்பேசியில் போட்டுவிடுங்கள். குளிரில் பற்றரி சீக்கிரம் இறங்கும் என்பதால் கைப்பேசியை உட்பைக்குள், உடம்புச்சூட்டோடு வைத்திருங்கள்.

ஊருக்குத் திரும்பும்போது

பிடித்துப்போய் அங்கேயே பலகை வாங்கத் தோன்றும். வாங்குவதாக இருந்தால் பூட்ஸை முதலில் வாங்குங்கள், பலகையை அடுத்த குளிர்காலத்திலும் வாடகைக்கே எடுக்கலாம். எதை வாங்கினாலும் ஊருக்குக் கொண்டுவராதீர்கள். பலகையின் இரும்பு விளிம்பு நம்மூர் உப்புக்காற்றில் ஒரு மழைக்காலத்திலேயே துருப்பிடிக்கும். பூட்ஸின் உள்பக்கம் ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்கும், ஒட்டுப்பசை வெக்கைக்கு விட்டுவிடும். நன்றாகக் காயவைத்து, கயிறுகளைத் தளர்த்தி, அக்கா வீட்டு நிலவறையில் பெயர் எழுதி வைத்துவிட்டு வாருங்கள். மச்சானின் பிள்ளைகள் எடுத்துப் போடக்கூடும், அதையும் சொல்லி வையுங்கள். மணிக்கட்டுக் காப்பை மட்டும் பைக்குள் போட்டுக்கொண்டு வரலாம். அடுத்த வருடம் போகிற தம்பி கேட்பான்.